சொல்லும் செயலும்: தரங்கம்பாடியில் சீகன்பால்கு

"சீகன்பால்கு யார்?" என்று வகுப்பில் கேட்டால், "தமிழ்ல முதல் புத்தகம் அச்சடிச்சவரு, டீச்சர்" என்று உடனே பதில் வரும். விடைத்தாளிலும் இதே தவறுதான். உண்மையில், அவர் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1578இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. அப்படியென்றால் அவரை எதற்காகப் படிக்க வேண்டும்? ஒரு சமயத்தை வேறொரு மண்ணுக்குக் கொண்டு போகிறவருக்கு என்ன பொறுப்பு உண்டு என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கை நல்ல சான்று.

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் 1682இல் பிறந்தவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பி வைக்க, நண்பர் புளூட்சோவுடன் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்து சேர்ந்தார். ஊர் டேனிஷ் கம்பெனியின் கையில் இருந்தது. கம்பெனிக்காரர்களும் கிறித்தவர்கள்தாம், ஆனால் அவர்களுக்கு வியாபாரம்தான் முக்கியம். சமயப் பணியால் ஊரில் குழப்பம் வரும், வியாபாரம் கெடும் என்று ஆளுநர் ஹாசியஸ் அஞ்சினார். ஆக, அந்தச் சின்ன ஊரில் தமிழர்கள் கண்முன்னே இரண்டு விதமான கிறித்தவர்கள் நின்றார்கள்.

சீகன்பால்கு முதலில் மாணவராகத்தான் உட்கார்ந்தார். சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து மணலில் தமிழ் எழுத்துப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் 1708இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழரை நாகரிகம் தெரியாதவர்கள் என்று நினைத்த ஐரோப்பியருக்கு, இவர்களிடம் உயர்ந்த அறநூல்கள் இருக்கின்றன என்று காட்டினார்.

அதே 1708இல் சோதனையும் வந்தது. ஓர் ஏழைத் தமிழ்க் கைம்பெண். இறந்துபோன கணவரின் கடன் தொடர்பான வழக்கு. எதிர்த்தரப்பில் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர். அந்தப் பெண்ணுக்கு அநியாயம் நடக்கிறது என்று சீகன்பால்கு தலையிட்டார். தம் அதிகாரத்தையே எதிர்ப்பதாக ஆளுநர் எடுத்துக்கொண்டார். நவம்பரில் சீகன்பால்குவைச் சிறையில் அடைத்தார். ஏறக்குறைய நான்கு மாதங்கள் கழித்துத்தான், 1709 மார்ச்சில், விடுதலை கிடைத்தது. இங்கே கொஞ்சம் நின்று யோசிச்சுப் பாருங்க: சிறையில் போட்டவரும் கிறித்தவர், சிறையில் கிடந்தவரும் கிறித்தவர். எது அவர்கள் சமயத்தின் உண்மையான முகம் என்று ஊர் மக்கள் எப்படி முடிவு செய்வார்கள்?

அதற்கான பதில் தமிழர் எழுதிய கடிதங்களிலேயே இருக்கிறது. 1712 முதல் 1714 வரை, சீகன்பால்குவும் அவருடைய சக ஊழியர் குருண்ட்லரும் அனுப்பிய கேள்விகளுக்குத் தமிழ் அறிஞர்கள் பதில் எழுதினார்கள். கிறித்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்ற கேள்வியும் அதில் உண்டு. குடிக்கிறார்கள், மாட்டைக் கொன்று தின்கிறார்கள், ஒழுக்கம் சரியில்லை என்று அவர்கள் தயங்காமல் குறை சொன்னார்கள். இந்தக் குறைகளைச் சீகன்பால்கு மறைக்கவில்லை. மொழிபெயர்த்து ஜெர்மனிக்கே அனுப்பினார். ஹாலே நகரில் அவை அச்சாயின.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தமிழரின் வழிபாடு தவறானது என்ற கருத்தை அவர் கடைசிவரை விடவில்லை. ஆனாலும் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி மக்களிடமே கேட்டறிந்து 1713இல் ஒரு நூல் எழுதினார். ஹாலேயில் இருந்தவர்கள் அதை அச்சிடவில்லை. 1867இல்தான் அது சென்னையில் வெளிவந்தது. பிறர் நம்பிக்கையைத் தெரிந்துகொள்வது எதற்கு என்று அவர்கள் நினைத்தார்கள். தெரிந்துகொள்ளாமல் பேசக்கூடாது என்று இவர் நினைத்தார்.

1714–15இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியிலேயே அச்சானது. 1719இல், 36 வயதில், அதே ஊரில் இறந்தார்.

மாணவர்களே, இந்தத் தலைப்பில் எழுதும்போது அச்சகம், பள்ளிக்கூடம், தேவாலயம் என்று பட்டியல் போட்டு நிறுத்திவிடாதீர்கள். 1708இன் சிறைவாசத்தையும் தமிழர் எழுதிய கடிதங்களையும் சான்றாகக் காட்டுங்கள். அவருடைய குறையையும் சேர்த்து எழுதுங்கள். வேதப் புத்தகம் தமிழில் அச்சாகிக் கைக்கு வருவதற்கு முன்பே, அதைக் கொண்டு வந்தவர்களின் நடத்தையை ஊர் மக்கள் படித்துவிட்டார்கள். தரங்கம்பாடி வரலாறு நமக்குச் சொல்வது இதைத்தான்.