வைத்திக்குப்பத்து மணல்

பாண்டிச்சேரி என்று ஆரம்பித்தாலே நம்ம மக்களுக்கு என்ன ஞாபகம் வரும்னு தெரியும். இந்தப் பதிவு அதைப் பற்றி இல்லை :-)

பீச் ரோட்டில் காந்தி சிலையிலிருந்து வடக்கே நடந்தால், மஞ்சளும் வெள்ளையுமாக இருக்கிற பிரெஞ்சுக் கட்டடங்கள் முடிந்து, குருசுக்குப்பம் தாண்டினால் வைத்திக்குப்பம். மீனவர் ஊர். கேமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் பாதியிலேயே திரும்பிவிடுகிறார்கள். என்கூட இன்ஜினியரிங் படித்த நண்பன் இந்த ஊர்க்காரன். அவன் தாத்தாவோடு உட்கார்ந்து பேசிய ஒரு சாயங்காலத்துக்குப் பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

வரலாறு என்றால் டூப்ளே, கோட்டை, முற்றுகை என்றே படித்துப் பழகிவிட்டோம். ஒரு ஊர் தினப்படி சந்தோஷமாக இருந்ததற்கு வரலாறு எழுத முடியுமா? வைத்திக்குப்பத்துக்கு முடியும். மணலின் கதையைச் சொன்னால் போதும்.

கட்டுமரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கரை திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப்போட வேண்டும். தண்ணீர் குடித்த மரம் கனத்துப்போகும், மறுநாள் கடலில் சொன்ன பேச்சு கேட்காது. கரைவலை இழுப்பதும் மணலில் நின்றுதான். இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள், பெண்கள் கூடையோடு, குழந்தைகள் துள்ளுகிற நெத்திலியைப் பொறுக்கிக்கொண்டு. வலை தைப்பது, கருவாடு காயவைப்பது, சீட்டாட்டம், பஞ்சாயத்து எல்லாம் அங்கேதான். ராத்திரி காற்றுக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து படுப்பதும் அங்கேதான். "வீட்டுக்குள்ள சோறு துன்றதுதான் தம்பி, மத்தது எல்லாம் மணல்லதான்" என்றார் தாத்தா. முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் அதே மணல்.

இந்தக் கரையில் ரொம்ப காலம் துறைமுகமே கிடையாது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736லிருந்து 1761 வரை எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால், கப்பல் வந்தது, கப்பல் போனது என்று வந்துகொண்டே இருக்கும். ஆனால் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் கொண்டுவந்தது சலங்கு என்கிற படகு. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த பலகைகள், அதனால் அலை மோதினாலும் வளைந்து கொடுக்கும். எத்தனை பெரிய கவர்னராக இருந்தாலும் கடைசி ஒரு மைலுக்கு நம்ம ஆள் துடுப்பை நம்பித்தான் வரணும். பாடப் புத்தகத்தில் இதைச் சொல்லியிருந்தால் நானும் ஒழுங்காகப் படித்திருப்பேன்!

1908 முதல் 1918 வரை பாண்டியில் இருந்த பாரதியார் இந்தப் பக்கத்துக்கு அந்நியர் இல்லை. பக்கத்து முத்தியால்பேட்டை மாந்தோப்பில்தான் குயில் பாட்டு பிறந்தது என்பார்கள். 1916 நவம்பரில் அடித்த புயலையும் பாட்டாக்கி வைத்திருக்கிறார். இதே ஊரில் பிறந்த பாரதிதாசன் 1944ல் 'அழகின் சிரிப்பு' வெளியிட்டபோது கடலுக்கு ஒரு தலைப்பு, சிற்றூருக்கு ஒரு தலைப்பு கொடுத்தார். இரண்டும் சேர்ந்த இடம் அவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

மாசி மகத்தன்று இந்த ஊரைப் பார்க்கணும். மயிலம் முருகன், தீவனூர் விநாயகர், திண்டிவனம் பெருமாள் என்று உள்நாட்டுச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடலுக்கு வருகிறார்கள். வருஷம் பூராவும் மீன் விற்க நகரத்துக்குப் போகிற ஊருக்கு, அன்றைக்கு நகரமே வருகிறது. மைலுக்கணக்கில் பயணம் செய்து வருகிற சாமியை இறக்கி வைக்கவும் மணல்தான் வேண்டும்.

இனி சோகப் பகுதி. தெற்கே அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் 1989 வாக்கில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புக் கல் சுவர்கள் வந்தன. நான் பிறப்பதற்கு முன்பே நடந்தது. நம் கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கும். தென்றல் காலத்து அலை அதை வடக்கே தள்ளும். வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். மீனவர்கள் இந்த இரண்டு ஓட்டத்துக்கும் பெயரே வைத்திருக்கிறார்கள்: வன்னி வெள்ளம், தெண்டி வெள்ளம் என்று. அந்த நடையின் குறுக்கே சுவர் வைத்தால்? சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை கரைந்தது. தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்ப்பதும் திட்டத்தில் இருந்தது, அது ஒழுங்காக நடக்கவில்லை. என் வேலையில் இதை தினமும் பார்க்கிறேன், ஒரு மாட்யூலில் கை வைத்தால் இன்னொரு மாட்யூலில் பக் வரும். ஆனால் இங்கே பழைய வெர்ஷனுக்குத் திரும்ப பட்டன் கிடையாது.

கரை போனதும் கல்லைக் கொட்டினார்கள். கல் முடிகிற இடத்தில் அதற்கு அடுத்த ஊர் அரிக்கும், அங்கேயும் கல். இப்படியே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று கல் வடக்கே நகர்ந்தது. நியாயமாக ஒன்று சொல்லணும். 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தபோது நகரத்தைப் பெரிதும் காப்பாற்றியது அந்தக் கற்கள்தான். உயிர் காத்த கல்லைத் திட்டவும் மனசு வரவில்லை. ஆனால் அதன்மேல் வலையைக் காயவைக்கலாம், கரைவலை இழுக்க முடியுமா? ஃபைபர் படகை எங்கே ஏற்றுவது?

2018ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டை இறக்கினார்கள். ஆப்பு வடிவத்தில் பெரிய இரும்புக் கூண்டு. அலையின் வேகம் தணிந்து, காந்தி சிலைப் பக்கம் பல வருஷம் காணாத மணல் திரும்ப வந்தது. டூரிஸ்ட்டுகளுக்குக் கொண்டாட்டம், எனக்கும்தான். இதை தாத்தாவிடம் சொன்னேன். "நல்லதுதான் தம்பி, புள்ளைங்க விளையாடும்" என்றவர், "அங்க மரம் இழுத்துப் போட வுடுவாங்களா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வடக்கே தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடிப் பக்கம் கடல் வீடுகளையே எடுத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த மாசி மகத்துக்கு நண்பன் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறான். சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். பஸ், காலையிலேயே கிளம்பணும், கூட்டம் அப்படி. வருகிறவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம். மீன் குழம்பு மறுநாள்தான் என்று நண்பன் இப்பவே சொல்லிவிட்டான்.