சுண்டிப் பார்த்த ஈரல்

திருத்தணி மலையடிவாரத்துல தேங்காய் விக்கிறவங்க காயைச் சுண்டி, சத்தத்தை வச்சே முத்தலா இளசான்னு சொல்லிடுவாங்க. உடைச்சுப் பார்க்க வேண்டியதில்லை. ஈரலையும் இப்ப அப்படித்தான் பார்க்கறாங்க மக்களே!

போன வருஷம் அக்கா பையன், 6 வயசு, திடீர்னு ரத்த வாந்தி எடுத்தான். சென்னைக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம். எண்டோஸ்கோபி பண்ணி ரத்தத்தை நிறுத்தினாங்க. அப்புறம் ஃபைப்ரோஸ்கேன். 5 கிலோபாஸ்கல், நார்மல். "ஈரல் நல்லா இருக்குன்னா ரத்தம் எங்கேருந்துடா வந்துச்சு?"ன்னு அக்கா கேட்டா. முழிச்சேன். அதுக்கப்புறம் தேடிப் படிச்ச கதை இது.

1761-ல ஆஸ்திரியாவின் ஆவன்ப்ருக்கர், நோயாளியின் மார்பைத் தட்டிப் பார்த்து நோய் கண்டுபிடிக்கும் முறையை எழுதினார். அப்பாவின் சாராயப் பீப்பாய்களைத் தட்டிப் பழகினவர்னு சொல்வாங்க. 1883-ல பால் எர்லிச் ஈரலுக்குள்ளே ஊசி விட்டுச் சதை எடுத்தார். 1958-ல மெங்கினி அதை ஒரு செகண்ட் வேலையாக்கினார். ஆனாலும் ஊசி ஊசிதான். ரத்தக்கசிவு பயம் உண்டு. எடுக்கிற துணுக்கும் ஈரலில் சுமார் 50,000-ல ஒரு பங்குதான்.

2003-ல பாரீஸின் சாண்ட்ரின் குழு ஃபைப்ரோஸ்கேன் பத்தின ஆய்வை வெளியிட்டது. விலா இடுக்கில் மெல்ல ஒரு தட்டு. அந்த அதிர்வு ஈரலுக்குள்ளே ஓடும் வேகத்தை அல்ட்ராசவுண்ட் அளக்கும். வேகத்தின் வர்க்கத்தை 3 ஆல் பெருக்கினா கிலோபாஸ்கல். செகண்டுக்கு 1 மீட்டர்னா 3, 2 மீட்டர்னா 12. தழும்பு ஏற ஏற ஈரல் இறுகும், வேகமும் கூடும். குழந்தைகளுக்குத் தனியா சின்னக் கருவிமுனையே இருக்கு.

ஆனா மெஷின் அளப்பது விறைப்பை, தழும்பை இல்லை. ரத்தக்குழாய் நோய்ல இந்த வித்தியாசம்தான் முக்கியம். இவனுக்கு அடைப்பு, ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில். ரத்தம் வேற வழி தேடி உணவுக்குழாய் நரம்புகளைப் புடைக்க வச்சு, ஒண்ணு வெடிச்சிருக்கு. ஈரல்ல தழும்பு இல்லை, நம்பரும் ஏறலை. நம்ம நாட்டுக் குழந்தைகள் ரத்த வாந்தி எடுக்க இது ஒரு முக்கியக் காரணம். பட்-கியாரி நோய்ல நேரெதிர். ரத்தம் வெளியேறும் வழி அடைபட்டு ஈரல் வீங்கும். தழும்பே இல்லாட்டியும் நம்பர் எகிறும், அடைப்பை நீக்கினா இறங்கும். அதனால டாப்ளர், மண்ணீரல், எண்டோஸ்கோபி எல்லாத்தையும் சேர்த்துத்தான் நம்பரைப் படிக்கணும்.

அவன் வயிறு உப்பலா இருந்ததை "நல்லா சாப்பிடறான்"னு விட்டிருந்தோம். அது வீங்கின மண்ணீரல். அதுதான் இன்னும் உறுத்துது.

டிஸ்கி: நான் பொட்டி தட்டறவன், டாக்டர் இல்லை. உங்க வீட்டுப் பிள்ளைக்கு வயிறு உப்பலா இருந்தா டாக்டர்கிட்ட ஒரு தரம் காட்டிடுங்க.