சோழவரத்துக் காது

காஞ்சீபுரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களை உத்தேசித்துப் போகிறார்கள். ஒன்று, சுவாமி தரிசனம், மற்றொன்று, புடைவை. மூன்றாவதாக ஒரு காரியத்துக்கும் அந்த ஊருக்குப் போகலாம் என்பதை என் சித்தப்பாவின் காரினால் தெரிந்துகொண்டேன்.

சித்தப்பாவிடம் இருப்பது 1962-ம் வருஷத்து அம்பாஸிடர். அதை அவருக்கு விற்ற மனிதர் வாலிபத்தில் வேகப் பித்துப் பிடித்தவர். தொழிற்சாலைக்காரர்கள் ஒரே ஒரு கார்புரேட்டர் வைத்து அனுப்பிய எஞ்சினில் அவர் இரண்டைப் பொருத்திவிட்டார். இரண்டும் ஒற்றுமையாக இருக்கும் நாளில் அந்தக் கிழவண்டி குதிரைக் குட்டி மாதிரி ஓடும். ஒற்றுமை குலைந்ததோ, இரண்டு ஓரகத்திகள் புழங்கும் சமையலறையின் கதிதான். சத்தமும் புகையும் மிஞ்சும்.

சென்ற தை மாதம், சித்தப்பாவின் பேத்தி கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடைவை எடுக்கப் புறப்பட்டோம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் கார் இருமத் தொடங்கியது. சுங்குவார்சத்திரத்தில் இருமல் கக்குவானாக முற்றியது. பின்னால் உட்கார்ந்திருந்த சித்தி, "ராகுகாலத்தில் கிளம்பினால் இப்படித்தான்" என்றாள். ராகுகாலத்தின் மேல் பழி போடுவது நியாயம் இல்லை. முந்தின வாரம் சென்னையில் ஒரு பெரிய பட்டறையில் சித்தப்பா காரைக் காட்டியிருந்தார். அங்குள்ள பையன்கள் கெட்டிக்காரர்கள். இந்தக் காலத்துக் கார்களில் ஒரு கம்பியைச் சொருகினால் அவை தங்கள் வியாதியைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. சித்தப்பாவின் காரிலோ கம்பி சொருக இடமே கிடையாது. பையன்கள் நாலு திருகாணிகளைத் திருகிப் பார்த்தார்கள். பில்லை மட்டும் பிழையில்லாமல் எழுதினார்கள்.

எப்படியோ காஞ்சீபுரம் போய்ச் சேர்ந்தோம். புடைவைக் கடை வாசலில் நின்ற காவல்காரர் காரின் இருமலைக் கேட்டுவிட்டு, "பிள்ளையார்பாளையத்திலே ஒரு பெரியவர் இருக்கார். இதுக்கு அவர்தான்" என்றார். சித்தியைக் கடையில் இறக்கிவிட்டு (அவளுக்கு அங்கே மூன்று மணி நேரமாவது வேண்டும்) நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் போனோம்.

தெருவில் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். ஒரு திண்ணையை ஒட்டித் தகரக் கொட்டகை. மேஸ்திரிக்கு வயது எழுபதுக்கு மேல் இருக்கும். பானட்டைத் தூக்கி உள்ளே குனிந்தவர், வெகு நாளைக்கு அப்புறம் சொந்த ஊர்க்காரனைச் சந்தித்தவர் போல முகம் மலர்ந்தார்.

"எஸ்.யூ.! அதுவும் ரெட்டை எஸ்.யூ.! சோழவரத்துக்கு அப்புறம் இப்பத்தான் சார் பாக்கறேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்குள் நூறு வருஷத்துச் சரித்திரம் அடங்கியிருக்கிறது. வாசகர்கள் பொறுமையாகக் கேட்பதானால் சொல்லுகிறேன்.

பெட்ரோல், காற்றோடு கலந்து எரிந்தால்தான் எஞ்சினுக்குப் பிரயோஜனம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய ஒன்பதாயிரம் லிட்டர் காற்று வேண்டும். காற்று குறைந்தால் கரும்புகை. மிஞ்சினால் எஞ்சின் திணறும். பாகு பதம் பார்க்கிற மாதிரியான இந்த வேலைதான் கார்புரேட்டரின் உத்தியோகம். 1893-ல் ஜெர்மனியில் மாய்பாக் என்பவரும், ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும், பெட்ரோலைப் பன்னீர் போலத் தெளிக்கும் கார்புரேட்டரைத் தனித்தனியே கொண்டுவந்தார்கள். தெருவில் பூக்காரி ஒருத்தி பூவின்மேல் நீர் தெளித்ததைப் பார்த்துத்தான் ஹங்கேரிக்காரர்களுக்கு யோசனை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கதை எழுதிப் பிழைக்கிறவன் ஆகையால் நான் அதை ஆட்சேபிக்கவில்லை.

எஸ்.யூ. என்ற எழுத்துக்கள் 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம். ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் இங்கிலாந்தில் செருப்பு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். குல வித்தை எங்கே போகும்? சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அமைத்த கார்புரேட்டரில் இருந்தது ஒரு தோல் துருத்தி! எஞ்சின் காற்றை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுக்குத் துருத்தி அசையும். கூடவே கூரான ஓர் ஊசி உயரும். ஊசி உயர்ந்தால் பெட்ரோல் வரும் துவாரம் அகலும். பின்னால் தோல் போய் உலோகப் பிஸ்டன் வந்தது. ஊசி மட்டும் கடைசிவரை இருந்தது. 1926-ல் அந்தக் கம்பெனியை மோரிஸ் கார் முதலாளி வாங்கிக்கொண்டார்.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவித்தான் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் 1957-ல் அம்பாஸிடர் பிறந்தது. இரண்டொரு வருஷத்தில் அதற்கு 1,489 ஸி.ஸி. எஞ்சின் வந்தது. அதே குடும்பத்து எஞ்சின், இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. என்ற இரண்டு பேர் உட்காரும் பந்தயக் கோலக் காரில் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரோடு பறந்துகொண்டிருந்தது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இருவரில் ஒருவன் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாகவும், மற்றவன் நாடகக் கம்பெனி ராஜபார்ட்டாகவும் ஆன கதைதான். நம் ஊர் வேகப் பிரியர்களுக்கு இந்த உறவு தெரியும். குமாஸ்தாவுக்கு ராஜபார்ட்டின் உடுப்பைப் போட்டுப் பார்க்கும் ஆசை அங்கிருந்துதான் வந்தது.

ஆசைக்கு அரங்கேற்ற மேடை சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாவது உலக யுத்தத்தின்போது விமானங்களுக்காகப் போட்ட தளம் அது. யுத்தம் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, காங்கிரீட் தரை மாத்திரம் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது. 1953-ல் ஆரம்பமான மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தத் தரையில் வருஷந்தோறும் பந்தயம் நடத்தியது. ஜனங்கள் ஆயிரக் கணக்கில் போய்ப் புழுதியில் நின்று பார்த்தார்கள். 1950-களின் பிற்பகுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து இறக்குமதி இறுகிவிட்டது. பந்தயத்துக்கென்று செய்த கார் யாருக்குக் கிடைக்கும்? திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகும் பியட்டும், சென்னையிலேயே உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டும், அம்பாஸிடரும் பட்டறைக்குள் புகுந்து வேஷம் மாறி வெளியே வந்தன.

வேஷம் மாற்றியவர்கள் யார்? பரிசளிப்புப் படங்களில் அவர்களைத் தேடக் கூடாது. கோப்பையைத் தூக்கியவருக்குப் பின்னால், பாதி முகம் மறைந்து, எண்ணெய்க் கையோடு நிற்பவர்கள் அவர்கள். எங்கள் மேஸ்திரி 1960-களின் கடைசியில், பதினாறு வயதுப் பையனாக ஒரு பட்டறைக்காரரோடு அங்கே போனவர்.

"காலையிலே பனி இருக்கும் சார். அப்ப ஒரு அளவு வெப்போம். மத்தியானம் தரை கொதிக்கும். காத்து லேசாயிடும், பெட்ரோல் மிஞ்சிப்போகும். மறுபடியும் திருகணும். மீட்டரா, ஒண்ணா? காதுதான்."

இந்த இடத்தில் அவர் ஒரு முழ நீள ரப்பர் குழாயை எடுத்தார். ஒரு முனையைத் தம் வலது காதில் வைத்துக்கொண்டார். இடது காது எஞ்சின்களுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்து மந்தமாகிவிட்டதாம். மறு முனையை முதல் கார்புரேட்டரின் வாயில் பிடித்தார். அப்புறம் இரண்டாவதில். என்னிடமும் கொடுத்தார். 'உஸ்' என்று ஒரு சீறல் கேட்டது. அடுத்ததிலும் ஒரு 'உஸ்'. எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் சிரித்துக்கொண்டே ஒரு திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார்.

"எங்க அப்பா தறியிலே கோர்வைக்கு உக்காந்த பையன் நான். உடம்புக்கு அவர் நாடா, கரைக்கு என் நாடா. ரெண்டு கையும் ஒரே தாளத்திலே போகணும். தப்பினா அவர் திட்டறதுக்கு முன்னாடி சத்தமே சொல்லிடும். இதுவும் அதான் சார்" என்றார்.

இரண்டு சீறலும் அவர் கணக்கில் ஒன்றான பிறகு, ஒவ்வொரு கார்புரேட்டரிலும் பிஸ்டனை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் நூலளவு தூக்கிப் பார்த்தார். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணைகிற மாதிரி தளர்ந்தால் காற்று அதிகம். சற்றே கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் பதம் சரி. முக்கால் மணி நேரம் இந்தத் தூக்கலும் திருகலுமாகப் போயிற்று. பிறகு ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி ஓடுகிற எஞ்சின்மேல் வைத்தார். தண்ணீர் நடுங்கிற்றே தவிரத் தளும்பவில்லை. சித்தப்பா கோயில் தீபாராதனையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

சோழவரத்துப் பந்தயங்கள் ஓய்ந்து, 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயத் தடம் திறந்தது. நாங்கள் காலையில் கடந்து வந்த இடந்தான். 2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் இறுகியபோது புதுக் கார்களிலிருந்து கார்புரேட்டர் விடைபெறத் தொடங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும் புது மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றிலிருந்தும் போயிற்று. பெட்ரோலை இப்போது கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கிறது. புகை குறைந்திருக்கிறது, அது கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மேஸ்திரியிடம், "இதை யாருக்காவது கற்றுக் கொடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டபோது அவர் குழாயைச் சுருட்டிக்கொண்டே, "பேரன் ஒரகடத்திலே கம்பெனிக்குப் போறான் சார். இதெல்லாம் எதுக்குன்னு அவன் கேக்கறான். நான் என்ன சொல்றது?" என்றார். எனக்கும் பதில் வரவில்லை. தறிச் சத்தம் நடுவில் ஒரு நிமிஷம் ஓய்ந்து மறுபடி தொடங்கியது.

கூலி கேட்டதற்கு, சென்னைப் பட்டறைப் பில்லில் பத்தில் ஒரு பங்குகூட வராத தொகையைச் சொன்னார். சித்தப்பா கொடுத்த அதிகப் பணத்தை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இப்ப தை மாசத்துக் காத்துக்கு வெச்சிருக்கேன் சார். சித்திரை வெயில்லே இந்த அளவு மிஞ்சும். ஒரு நடை கொண்டாங்க. காது இருந்தா பாத்துடலாம்."

சித்தி நாலு புடைவைகளோடு காத்திருந்தாள். திரும்பி வரும்போது கார் ஒரு தடவைகூட இருமவில்லை. பூந்தமல்லி வரும்வரை சித்தப்பா பேசவில்லை. அப்புறம், "ஏன், சித்திரையில் நம் உறவில் கல்யாணம் ஏதாவது வருகிறதோ?" என்று சித்தியைக் கேட்டார்.