நகரம் புகுந்த மாவோரிக் குடும்பங்கள்

குடிபெயர்தல் என்றதும் கடல் கடந்து அந்நிய நாடு புகுவோரே நம் நினைவுக்கு வருகின்றனர். சொந்த நாட்டிலேயே குடிபெயர்ந்து அந்நியர்போல் வாழ நேர்ந்த ஆதிக்குடிகளும் உலகில் உளர். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் அத்தகையோர். அவர்கள் கிராமங்களை விட்டு நகரம் புகுந்த வரலாறும், அங்கே ஒருவரையொருவர் தாங்கி நின்ற வரலாறும் வாலிபரும் பெரியோரும் சிந்திக்கத்தக்கவை.

1840ஆம் ஆண்டில் வைத்தாங்கி உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர், போரினாலும் பறிமுதலினாலும் விற்பனையினாலும் மாவோரி நிலங்களிற் பெரும்பகுதி கைமாறியது. எஞ்சிய நிலம் பெருகிவந்த மக்களுக்குச் சோறிடப் போதவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நகரத்துத் தொழிற்சாலைகள் வேலையாட்களைத் தேடின. 1945இல் மாவோரி மக்களுள் நூற்றுக்கு 26 பேரளவினரே நகரவாசிகள். 1966இல் இத்தொகை 62 ஆயிற்று. 1986இல் 80ஐ அண்மித்தது. ஒரு மனிதனின் ஆயுட்காலத்துள் ஒரு கிராமிய சமுதாயம் நகரச் சமுதாயமாக மாறிவிட்டது.

இம்மாற்றத்தால் அவர்கள் இழந்தது யாது? மாவோரிக் கிராமத்தின் உயிர்நிலை ‘மராய்’ எனப்படும் பொது முற்றமும், அதன்கண் அமைந்த கூட்ட மண்டபமுமாம். அங்கேதான் விருந்தினரை வரவேற்பர். அங்கேதான் இறந்தாரைக் கிடத்திப் பல நாட்கள் உடனிருந்து துக்கங் காப்பர். நகரத்திலோ அத்தகைய இடம் இல்லை. ஒருவர் இறந்தால், தூரத்து உறவினர் யாவரும் ஒரு சிறிய வாடகை வீட்டினுள் நெருங்கியிருந்து அழவேண்டியதாயிற்று. மேலும், மாவோரி மரபின்படி நகரம் நின்ற மண்ணும் வேறொரு குலத்தாருக்கு உரியது. ஆகவே வந்தவர்கள் வெள்ளையர் நடுவிலும் விருந்தினர். தம் இனத்தார் நடுவிலும் விருந்தினர்.

அரசாங்கம் வாளாவிருந்தது என்று கூறுதல் நேர்மையாகாது. வீட்டுக் கடன், தொழிற் பயிற்சி, இளைஞர் விடுதி, நலன்புரி உத்தியோகத்தர் என்று பல உதவிகள் வந்தன. ஆயினும் அவ்வுதவியின் உள்ளே ஒரு நோக்கம் இருந்தது. மாவோரிக் குடும்பங்களை ஒன்றாகக் குடியமர்த்தாது, வெள்ளையர் வாழும் வீதிகளில் ஒவ்வொன்றாகச் சிதறவைத்தனர். உணவின்மேல் மிளகுத்தூள் தூவுவதற்கு இம்முறையை ஒப்பிட்டு, அப்பெயராலேயே அதனை அழைத்தனர். 1961இல் வெளியான ஹன் அறிக்கையும் இரு இனங்களையும் ஒருங்கிணைக்கும் கொள்கையையே வற்புறுத்தியது. வீடு கிடைத்தது, அயல் கிடைக்கவில்லை.

அந்த அயலை மக்கள் தாமே ஆக்கிக்கொண்டனர். அதற்கு வழிகாட்டியது ஒரு வாலிபர் சங்கம் என்பது நாம் கருத்திற் கொள்ளவேண்டிய செய்தி. 1937இல் வெலிங்ரன் நகரில் ‘ஙாத்தி போனெக்கே’ இளம் மாவோரிக் கழகம் தோன்றியது. ‘ஙாத்தி’ என்பது குலப்பெயரின் முன் நிற்கும் சொல். ‘போனெக்கே’ என்பது அத்துறைமுக நகருக்கு மாவோரி மொழியில் வழங்கும் பெயர். பல குலத்து இளைஞர் ஒன்றுகூடி, மூதாதையின் பெயருக்குப் பதிலாக ஊரின் பெயரையே சூடி, ஒரு புதிய குலமாயினர்! பாடலும் ஆடலும் பயின்றனர். போர்க்காலத்தில் படைவீரரை வழியனுப்பினர், வரவேற்றனர். 1949இல் ஒக்லாந்திலும் ஒரு மாவோரிச் சமூக நிலையம் திறக்கப்பட்டது.

அடுத்து எழுந்தவர்கள் தாய்மார். 1951இல் மாவோரி மகளிர் நலச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவி பீனா கூப்பர் அம்மையார். சங்கத்தார் ஒக்லாந்தில் வீடு வீடாகச் சென்று, வாழத்தகாத இடங்களில் மாவோரிக் குடும்பங்கள் படும் பாட்டைக் கணக்கெடுத்தனர். கண்ணீருக்கு அசையாத அலுவலகங்கள் அக்கணக்கிற்கு அசைந்தன. பல குடும்பங்களுக்கு நல்ல வீடு கிடைத்தது. அதே அம்மையார் 1975இல், தமது 79ஆவது வயதில், நில உரிமை கோரி வடகோடியிலிருந்து வெலிங்ரன் பாராளுமன்றம்வரை பெரும் நடைப்பயணத்திற்குத் தலைமை தாங்கினார்.

வீட்டின் பின் மொழி. பள்ளியில் தாய்மொழி பேசித் தண்டனை பெற்ற பெற்றோர் பலர் பிள்ளைகளோடு ஆங்கிலமே பேசினர். நகரிற் பிறந்த தலைமுறை பாட்டனாரின் பேச்சை விளங்காது நின்றது. அந்நிலையில் 1982இல் வெலிங்ரனுக்கு அணித்தாயுள்ள வைனூயிஒமாத்தாவில் முதலாவது ‘மொழிக் கூடு’ தோன்றியது. முதியோர் மழலைகளோடு மாவோரி மொழியிலேயே பேசி வளர்க்கும் இடம் அது. ஐந்தாண்டுகளில், 1987இல், அம்மொழி அரசகரும மொழியாயிற்று.

நகரத்துக்கு மராயும் வந்தது. 1980இல் மேற்கு ஒக்லாந்தில் ஹோவானி வைத்தித்தி மராய் எக்குலத்தாருக்கும் உரியதாய்த் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே வெலிங்ரனில் பிபித்தேயா மராயும் திறக்கப்பட்டு, ஙாத்தி போனெக்கே கழகத்தின் இல்லமாயிற்று. அன்றைய வாலிபர் அதற்காக 43 ஆண்டுகள் காத்திருந்தனர். 1984இல் மேற்கு ஒக்லாந்தில் வைப்பரேரா என்னும் நலன்புரி அமைப்பும் நிறுவப்பட்டது. பழைய குலமல்லாத நகரக் கூட்டத்தாருக்கும் உடன்படிக்கையின் பாதுகாப்பு உண்டா என்ற வழக்கில், உண்டு என 1998இல் வைத்தாங்கி நியாயசபை அறிக்கையிட்டது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? பசித்தவனுக்குச் சோறிடுதல் பேருதவியே. ஆனால் வந்தவன் என்றென்றும் கையேந்தும் விருந்தினனாகவே இருப்பின், அவ்வுதவி அரைகுறையானது. தன் வாசலில் நின்று ‘வாருங்கள்’ என்று பிறரை அழைக்கும் நாளிலேதான் அவன் அந்நகரின் குடிமகனாகின்றான். ஒரு மண்டபமும், நாலு பாட்டும், சில இளைஞரின் உழைப்பும் அந்நாளுக்கு வழிதிறந்தன. சங்க மண்டபத்தின் திறவுகோலைக் கையில் வைத்திருக்கும் இளைஞர் எவரும் இதனை எண்ணிப்பார்ப்பாராக.