கணக்குக் காட்டாதவர்கள்

நான்கு வருடங்களாக நான் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து பிழைக்கிறவன் நான். வேலை கொடுப்பவர்கள் நூற்றுக்குப் பத்து பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள். ‘அதான் பிடிச்சுட்டாங்களே, அப்புறம் என்ன’ என்று முதல் வருடம் விட்டேன். இரண்டாம் வருடம், முதல் வருடத்தைக் கேட்பார்களோ என்று விட்டேன். அதற்குப் பிறகு வெறும் பயம். சென்ற நவம்பரில் வரித்துறையிலிருந்து மின்னஞ்சல் வந்தபோது அதைத் திறக்காமல், வழக்கம்போல் சரித்திரம் படிக்கப் போனேன். கடன்பட்டவன் கல்வெட்டில் ஒளிந்துகொள்வதுபோல.

ஆனால் கல்வெட்டும் என்னை விடவில்லை. ‘கடமை’ என்று இன்று நாம் சொல்லும் சொல், பிற்காலச் சோழ, பாண்டியக் கல்வெட்டுகளில் நிலவரியின் பெயர். ‘இறை’ என்றாலும் வரிதான். அரசனுக்கும் கடவுளுக்கும் வரிக்கும் ஒரே சொல்லை வைத்திருந்த மொழியில் பிறந்துவிட்டு எங்கே ஓடுவது?

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை (921) எல்லோரும் குடவோலைத் தேர்தலுக்காகக் கொண்டாடுகிறோம். அதில் யார் போட்டியிடக் கூடாது என்ற பட்டியலும் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் கூடாது. அவன் மட்டுமல்ல, சித்தி பெரியம்மா பிள்ளைகள், மாமன், மாமனார் என்று உறவுக்காரர்களுக்கும் தடை. படித்தபோது என் மாமாவை நினைத்துக்கொண்டேன். பாவம், அவர் ஒழுங்காகக் கட்டுகிறவர்.

செய்யாறு பக்கத்திலுள்ள உக்கலில் ராஜராஜன் கல்வெட்டு ஒன்று உண்டு. அவனுடைய 24ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ 1009. பிராமணர், வைகானசர், சமணர் ஊர்களில் 16ஆம் ஆண்டிலிருந்து 23ஆம் ஆண்டு வரை, இரண்டு முழு வருடம் வரி நிலுவை வைத்தவர்களின் நிலத்தை ஊரே எடுத்து விற்றுக்கொள்ளலாம் என்கிறது அந்த ஆணை. அங்கே யாரும் படிவம் நிரப்ப வேண்டியதில்லை. நிலம் ஒளிந்துகொள்ளாது. அளந்தாயிற்று, எழுதியாயிற்று, கட்டு. இல்லையென்றால் போ.

நிலம் ஒளியாதுதான். ஆனால் விளைச்சல் பொய்க்கும். அப்போது என்ன ஆகும் என்பதற்கு 1855இன் சென்னை மாகாணத்தைப் பார்க்க வேண்டும். ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு விவசாயியும் நேராக அரசுக்குக் கிஸ்தி கட்ட வேண்டும். கட்டாதவனிடம் வந்து நிற்பது கலெக்டர் அல்ல; தாசில்தாரின் ஆட்கள். இரண்டு குச்சிகளை ஒரு முனையில் கட்டி, நடுவில் விரலை வைத்து நசுக்குவார்கள். அதற்குக் கிட்டி என்று பெயர். தலையைக் குனியவைத்துக் கால் கட்டைவிரலோடு கயிற்றால் கட்டுவது அண்ணாந்தாள். வெயிலில், முதுகில் கல்லேற்றி நிறுத்துவதும் உண்டு.

கஜுலு லட்சுமிநரசு செட்டியும் அவருடைய சென்னைவாசிகள் சங்கமும் இதை இங்கிலாந்து பாராளுமன்றம் வரை கொண்டு போனார்கள். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் விசாரணைக் கமிஷனாக உட்கார்ந்தார்கள். 1,959 புகார்கள் வந்தன. அவற்றில் 519 பேர் நேரில் வந்தவர்கள். தவணைக் கணக்கில் ஒரு விவசாயி நினைத்திருந்தால் அந்தப் பயணத்துக்கு வந்திருக்க மாட்டான். பயணச் செலவே பாக்கியைத் தாண்டியிருக்கும். எத்தனையோ நாள் நடந்து, தன் விரலைக் காட்ட வந்திருக்கிறார்கள். வரி வசூலில் சித்திரவதை இருப்பது உண்மை என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. பழியைப் பெரும்பாலும் உள்ளூர்ச் சிப்பந்திகள் மேல் வைத்தது. அந்தச் சிப்பந்திகளிடம் வசூலை எதிர்பார்த்து மேலே உட்கார்ந்திருந்தது யார் என்ற கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது.

இதற்கு ஐந்து வருடம் கழித்துத்தான் என்னுடைய படிவத்தின் தாத்தா பிறந்தது. 1857 கலகத்தை அடக்கிய செலவு கஜானாவைக் காலி செய்திருந்தது. ‘எகனாமிஸ்ட்’ பத்திரிகையைத் தொடங்கிய ஜேம்ஸ் வில்சன் நிதி உறுப்பினராகக் கல்கத்தா வந்தார். 1860 ஜூலை 24 முதல் வருமான வரி. ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் கீழே சம்பாதிப்பவர்களுக்கு இல்லை. 500 வரை நூற்றுக்கு 2, அதற்கு மேல் 4. நிலத்தை அளப்பதுபோல் வருமானத்தை அளக்க முடியாது. ஆகவே நீயே எழுதிக்கொடு என்றது அரசு.

கடுமையாக எதிர்த்தவர் யார் தெரியுமா? சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன். எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகையிலேயே வரவிட்டார், பதவி போனது. அந்த ஆகஸ்டிலேயே வில்சன் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனார். பின்னால் அதே டிரெவெல்யன் நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். 1865இல் அந்த வரி காலாவதியானது. பிறகு வேறு சட்டங்களாகத் திரும்பத் திரும்ப வந்தது. 1886க்குப் பிறகு போகவேயில்லை.

இவ்வளவையும் படித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. கிட்டியில் விரல் வைத்தவனுக்கு, தான் எவ்வளவு கட்டவேண்டும் என்று காட்டக்கூடிய தாள் பல சமயம் கையில் இருந்திருக்காது. சிப்பந்தி சொன்னதே கணக்கு. நான் நான்கு வருடமாகப் பார்க்க மறுத்த படிவமோ, என் பக்கத்துக் கணக்கையும் சொல்ல விடுகிற தாள்.

ஒரு சனிக்கிழமை ஆடிட்டர் அண்ணனிடம் போனேன். அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“தம்பி, உங்க வருமானத்துக்கு வரியே வராது. பிடிச்சதெல்லாம் அவங்கதான் உங்களுக்குத் திருப்பித் தரணும். நாலு வருஷமா யாரைப் பார்த்து ஓடினீங்க?”

கடைசி வருடத்துக்கு டிசம்பர் 31 வரை நேரமிருந்தது; 1,000 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு அதை அன்றே முடித்தோம். பழைய வருடங்கள் அப்படியில்லை. தாமதமாகத் திருத்திப் போடும் படிவத்தில் வரி கட்டலாமே தவிர, பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப்போட வேண்டும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். என் அம்மாவின் கண் அறுவைக்கு நான் கடன் வாங்கிய தொகை ஏறக்குறைய அதேதான்.

மனுவில் தாமதத்துக்குக் காரணம் எழுதவேண்டும். ‘பயம்’ என்று எழுதினேன். அண்ணன் அதை அடித்துவிட்டு ‘அறியாமை’ என்று மாற்றினார். இரண்டும் ஒன்றில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.