விளக்கும் வெள்ளமும்



நம் தோட்டங்களின் வரலாறு எண்ணெயோடு பிணைந்தது. 1908இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் ‘டி’ மாடல் கார் வந்தது. கார் ஓடப் பெட்ரோல் வேண்டும். சக்கரத்துக்கு ரப்பர் வேண்டும். 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறியது. ஜொகூர்க் காடுகள் பால்மரத் தோட்டங்களாயின. நம் முன்னோர் கப்பலேறி வந்தனர்.

லயத்தில் அவர்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான். “அந்தப் புகையில கண்ணக் கசக்கிக்கிட்டே படிச்சோம்” என்று பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிறகு மின்சாரம் வந்தது. பொந்தியான் மாவட்டத்துத் தஞ்சோங் பின் நிலையம் 2006 முதல் நிலக்கரியை எரித்து மின்சாரம் தருகிறது. வாழ்வு உயர்ந்ததை யார் மறுக்க முடியும்?

ஆனால் அந்தப் புகை பூமியைச் சூடாக்குகிறது. சூடேறிய காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும். மழை கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டும். 2006 டிசம்பர், 2007 ஜனவரி வெள்ளத்தில் கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கின. ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினர். 2023 மார்ச்சில் மீண்டும் பெருவெள்ளம். எல்லா வெள்ளத்துக்கும் புகை ஒன்றே காரணமென்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஆபத்து கூடுகிறது.

ஏழைக்கு மலிவான மின்சாரம் வேண்டும் என்பதும் நியாயம். புகையைக் குறைக்க வேண்டும் என்பதும் நியாயம். அதிகமா எரிக்கிறது வசதியுள்ளவங்க. தண்ணி ஏறுறது பள்ளத்து வீட்டுல. இதுதான் அநியாயம். புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என 2021இல் மலேசிய அரசு அறிவித்தது.

மாணவச் செல்வங்களே, பாட்டியின் விளக்கை மறவாதீர்கள். புகையில்லாத வெளிச்சத்தை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோகப் படியுங்கள்!