வண்டிமாட்டின் மூன்று காயங்கள்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் குளத்தூரில் இருந்த எங்களுக்குக் களியக்காவிளை அன்றுமுதல் அடுத்த மாநிலம். எல்லை வந்த பிறகும் நாகர்கோவில் – திருவனந்தபுரம் சாலையில் மாட்டுவண்டிகள் ஓடின. அந்த மாடுகளுக்கு லாடம் அடித்தவர் என் பாட்டா.

வண்டிக்குப் போகும் காளைக்கு மனிதன் மூன்று காயம் கொடுத்தான். மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்தான். விதையை நசுக்கிக் காயடித்தான். கீழே தள்ளி, காலைச் சேர்த்துக் கட்டி, லாடம் அடித்தான். பிளந்த குளம்பாதலால் ஒரு மாட்டுக்கு எட்டுத் தகடு. ஆணி கொஞ்சம் தவறினால் உயிர்ச்சதையில் ஏறும். தகடு அதை மூடிக்கொள்ளும்.

காற்றுப் புகாத அந்த ஓட்டைதான் டெட்டனஸ் எனும் ரண ஜன்னிக் கிருமிக்கு வேண்டியது. துருவில் அது பிறப்பதில்லை. மண்ணிலும் சாணத்திலும் குதிரை லத்தியிலும் விதைபோல் உறங்கும். கொதிநீரிலும் எளிதில் சாகாது. 1884இல் ஜெர்மனியின் ஆர்தர் நிக்கோலையர் தோட்டத்து மண்ணை விலங்குகளுக்குள் செலுத்தியே நோயை வரவழைத்தார். 1889இல் பெர்லினில் கோக்கின் ஆய்வகத்தில் கிட்டசாட்டோ ஷிபாசபுரோ காற்றை விலக்கி அந்தக் கிருமியைத் தனியே வளர்த்தார். எதிர்நஞ்சுச் சீரம் நோயைத் தடுக்கும் என்று 1897இல் காட்டிய எட்மண்ட் நோகார், பிரான்ஸின் கால்நடை மருத்துவர்.

பாட்டாவுக்கு இதெல்லாம் எட்டவில்லை. ஆணி முனையில் ரத்தம் கண்டால் தகட்டைக் கழற்றி, வேப்பெண்ணெய் காய்ச்சி ஊற்றுவார். வண்டிக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அன்று மறுபடி அடிக்கமாட்டார். "வேய், மாடு உம்முடையதுதான். காலு அதுக்க காலாக்கும்" என்பார். எண்ணெய் கிருமியைக் கொன்றிருக்காது. காயத்தைக் காற்றுக்குத் திறந்துவிட்டது நல்ல வைத்தியம். குதிரை விழுகிற அளவுக்கு மாடு இந்த நோய்க்கு எளிதில் விழாது என்பதும் அவருக்குத் துணை நின்றது.

காயடிப்பிலும் அப்படியே. கட்டைகளுக்கிடையே நசுக்கும் பழைய முறை கொடுமையான வலி, ஆனால் தோல் கிழியாததால் கிருமி நுழைய வழி குறைவு. இத்தாலியக் கால்நடை மருத்துவர் புர்டிசோவின் இடுக்கியும் தோலைக் கிழிக்காமலே விதைக்குப் போகும் நாளத்தை நசுக்குகிறது.

வண்டிகள் போய்விட்டன, ஆடுகள் இருக்கின்றன. மாட்டைவிட ஆட்டுக்கு இந்த நோய் சீக்கிரம் பிடிக்கும். காது விறைக்கும், வால் நிமிரும், வாய் பூட்டிக்கொள்ளும். நஞ்சு நரம்பைப் பிடித்துவிட்டால் சீரத்தாலும் அதைப் பிரிக்க முடியாது. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரிக்கும் புருசெல்லா நோய்க்கும் தடுப்பூசி உண்டு. ஆட்டிலிருந்து ஆட்டுக்குப் பரவாத ரண ஜன்னி அதில் இல்லை. கிடாவைக் காயடிக்கக் கொண்டுபோகிற அன்றைக்கே ரண ஜன்னி எதிர்நஞ்சு ஊசியும் கேட்டு வாங்குங்கள் என்று எங்கள் தெருவில் ஆடு வளர்க்கும் பெண்களிடம் சொல்லிவருகிறேன். தொழுத்தில் அயோடின் ஒரு குப்பி இருக்கட்டும், குட்டி விழுந்ததும் பொக்குளில் தடவுங்கள் என்றும் சொல்கிறேன்.